நெஞ்சில் இரண்டு விரல்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதறது. காது ரெண்டையும் விட்டுட்டுப் பாத்தா நான் நல்லாத்தான் இருக்கேன். நீயும் மருமகளும், வந்து முப்பத்தெட்டே நாள் ஆன அந்தப் புது ஆளும், அங்க எல்லாரையும் வேலை வாங்கிக்கிட்டிருக்கிற உங்கம்மாவும் சௌக்கியமா இருக்கணும், இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டுதான் பேனாவை எடுக்கறேன். கையில போன் இருக்கறப்ப இதென்ன கடிதம்னு கேப்பே. போன்ல நாம பேசற லட்சணம் உனக்கே தெரியும். நீ ஏதோ சொல்லுவே, போனைப் பக்கத்துல கொண்டு போனாலே என் காது மெஷின் கீய்னு விசிலடிக்கும், நான் என்ன என்னன்னு கத்துவேன், நீ ஒண்ணுமில்லப்பா சாப்பிட்டீங்களாம்பே, அது மட்டும் எப்படியோ எனக்குக் கேட்டுடும், ஆச்சும்பேன், வச்சுடுவோம். ஒன்பது வருஷமா இதே கதைதான். சரி மெசேஜ் எழுதலாம்னு பாத்தா என் கட்டைவிரல் ஒரே அமுக்குல மூணு எழுத்தை அமுக்குது. தறியைப் பிடிச்சுப் பழகின விரலு, அந்தக் கண்ணாடியில அதுக்கு வேலை ஓடலை. அதான் தாள் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். பத்து நாள்ல போய்ச் சேரும்னு கூரியர் ஆபீஸ்ல சொல்றாங்க.

உங்கம்மா கிளம்பிப் போய் இன்னியோட நாப்பத்தாறு நாள் ஆச்சு. போறப்ப வீடு முழுக்கச் சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கா. அடுப்புக்கு மேல அணைச்சாச்சா, கதவுக்குப் பின்னாடி சாவி எடுத்தாச்சா, ஃபிரிட்ஜ் மேல நேத்து வச்சதை முதல்ல தின்னுங்க. முப்பத்தாறு வருஷமா அவ என்கிட்ட பேசின பேச்செல்லாம் மொத்தம் ஒன்பது சீட்டுல அடங்கிடுச்சு. முதல் வாரம் எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. இப்போ அந்தச் சீட்டைப் பாத்து அணைச்சாச்சு அணைச்சாச்சுன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். குக்கர் விசில் எனக்குக் கேக்காதுங்கறதால அடுப்பு பக்கத்துலயே நின்னு, அந்த வெயிட் எகிறுறதைக் கண்ணால எண்றேன். வெந்ததை நின்னபடியே சாப்பிட்டுடறேன், ஒத்தைத் தட்டுக்கு யாரு மேஜையைத் துடைக்கறது. மெஷினையும் காலையில மாட்டறதில்லை, டப்பாவுலயே கிடக்கு, பேச ஆளில்லாத வீட்ல என்னத்தைக் கேக்க. நேத்து முடி வெட்டப் போனப்ப கடைக்காரர், என்னண்ணே இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்கறீங்கன்னு கேட்டார். அங்கயே உக்காந்து எண்ணிப் பாத்தேன், மூணு நாளா நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசியிருக்கலை. சங்குன்னு பட்டப்பேர் வாங்கினவன் நான். வீடு ரொம்பப் பெரிசா இருக்கு தம்பி. இருக்கறது ரெண்டு ரூம்தான், ஆனாலும் பெரிசா இருக்கு.

உங்கம்மா அனுப்பின போட்டோல ஒண்ணைக் கடையில கொடுத்துப் பெரிசு பண்ணி வாங்கி டிவி மேல வச்சிருக்கேன். மூக்கு உன்னோடதுதான், அதை யாராலயும் மறுக்க முடியாது. நெத்தி மருமகளோடது, தப்பிச்சா. உன் சங்கதியெல்லாம் உங்கம்மா மெசேஜ்ல எழுதிக்கிட்டுத்தான் இருந்தா. முதல் வாரம் லீவு போட்டுட்டு நீ குழந்தை மூச்சு விடறதை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தியாம், குளிப்பாட்டற தண்ணிக்குள்ள சூடு பாக்கற கருவியை விட்டுப் பாத்தியாம், நகம் வெட்டறதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சாம், உனக்குத்தான் வேர்த்துக் கொட்டுச்சாம். இவ்வளவும் படிச்சு எனக்குப் பெருமை தாங்கலை. என்னை மாதிரி இல்லை என் பிள்ளைன்னு நினைச்சேன். அப்புறம் போன வியாழக்கிழமை வேற மாதிரி ஒரு மெசேஜ் வந்துச்சு. இதை உன்கிட்ட சொன்னதுக்காக அவ மேல கோவப்படாதே, கோவிக்கணும்னா என் மேல கோவிச்சுக்கோ. நீ சாயங்காலம் ஆறரைக்கே வந்து காரை நிறுத்திடறியாம், ஆனா மேலே வரது எட்டு மணிக்காம். அது வரைக்கும் கார்லயே உக்காந்திருக்கியாம், உள்ள விளக்கு கூடப் போடாம. குழந்தையோட பாட்டில் கழுவறப்ப சமையலறை ஜன்னல்லேருந்து அவ பாத்திருக்கா, ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, பதினோரு நாள். மேலே வந்து ஆபீஸ்ல மீட்டிங்னு சொல்றியாம், மருமக பாவம் நம்பிக்கிட்டு உனக்குச் சாப்பாடு சூடு பண்றாளாம். ஒரு தடவை உங்கம்மாகிட்ட, நான் தூக்கினா வீல்னு கத்தறா, உங்க ரெண்டு பேர்கிட்ட கொடுத்தா டக்குனு நிறுத்திடறா, அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்னம்மா வேலைன்னு கேட்டியாமே. உன்னைத் திட்டணும்னு தோணவே இல்லை. திட்ட எனக்கு யோக்யதையும் இல்லை. ஏன்னா உனக்கு முப்பத்தெட்டு நாள் ஆனப்ப நானும் இப்படித்தான் ஒரு இடத்துல உக்காந்திருந்தேன். எனக்குக் கார் இல்லை, மில்லோட சைக்கிள் ஸ்டாண்டு.

இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, உங்கம்மாவுக்கே தெரியாது. உனக்கு மில்லை வெளியிலேருந்துதான் தெரியும். உள்ள இருநூத்தி நாப்பது தறி ஒரே கூரைக்குக் கீழ அடிக்கும், பக்கத்துல நின்னு கத்தினாலும் மனுஷன் குரல் மனுஷனுக்குக் கேக்காது. அதனால அங்க வேலை பாக்கறவங்க கொஞ்ச நாள்ல கையாலயே பேசிக்கப் பழகிடுவாங்க, இல்லைன்னா தொண்டையைப் பெரிசு பண்ணிக்குவாங்க. நான் ரெண்டையும் பழகிக்கிட்டேன். ஷிப்ட் முடிய ஊதற சங்கை விட இவன் சத்தம் ஜாஸ்தின்னு மேஸ்திரிதான் எனக்குச் சங்குன்னு அந்தப் பேரை வச்சார். வெளிய வந்தாலும் காதுக்குள்ள தறி ஓடிக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல பேசணும்ல, அதனால குரல் இறங்கவே இறங்காது. நீ பிறந்து எட்டாம் நாள் உன்னையும் உங்கம்மாவையும் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்தோம். ஒன்பதாம் நாள் ஷிப்ட் முடிஞ்சு ஓடி வந்து, பஞ்சுத் தூசியெல்லாம் போகக் குளிச்சு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு, தொட்டில் பக்கத்துல நின்னு என் ராஜா அப்பா வந்துட்டேன்டான்னு கூப்பிட்டேன். அவ்வளவுதான். உன் ரெண்டு கையும் விரிஞ்சு உடம்பு அப்படியே தூக்கிப் போட்டுச்சு, மூஞ்சி செவசெவன்னு ஆயி, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் அழுதே பாரு. உங்கம்மா ஓடி வந்து உன்னை வாரி எடுத்துக்கிட்டு, இது வீடா மில்லாங்க, தயவு செஞ்சு குழந்தைகிட்ட வாயைத் திறக்காதீங்கன்னா. அவ கண்ணசந்து எட்டு நாள் ஆயிருந்துச்சு, தையல் வலி வேற, அந்த நிமிஷத்து எரிச்சல்ல சொன்ன வார்த்தை அது. அடுத்த நிமிஷமே அவ மறந்துட்டா, என்னால மறக்க முடியலை. சரி, திறக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன். ரோஷக்காரன்ல நான். அதை ரோஷம்னுதான் இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன், இப்போ எழுதறப்பதான் தெரியுது, பயம். என் பிள்ளைக்கு என்னைக் கண்டா ஆகலைங்கற பயம்.

மறுநாள்லேருந்து ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சாலும் வீட்டுக்கு வர மாட்டேன். சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு கல்லு கிடக்கும், நாலரை வரைக்கும் அதுல உக்காந்திருப்பேன். எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனப்பறம் என் சைக்கிள் ஒண்ணு மட்டும் நிக்கும், அதையே பாத்துக்கிட்டிருப்பேன். வாட்ச்மேன் டீ கொண்டு வந்து கொடுத்துட்டு வீட்ல சண்டையான்னு கேட்டார், இல்லை, குழந்தை தூங்குது, அதான்னேன். தினமும் அதே பதில் சொல்லி, ஒரு நாள் அவரு, என்னப்பா உன் பிள்ளை முழிக்கவே முழிக்காதான்னு கேட்டுட்டார். உங்கம்மாகிட்ட தறி ரிப்பேர்னு சொல்லி வச்சிருந்தேன். அந்த ரெண்டு மாசம் நான் சொன்ன ரிப்பேரெல்லாம் நிஜமா இருந்திருந்தா மில்லையே இழுத்து மூடியிருப்பாங்க. அவளும் மருமக மாதிரிதான், பாவம், நம்பிக்கிட்டு எனக்குச் சோத்தைச் சூடு பண்ணிப் போட்டா.

உங்கம்மா குளிக்கப் போற பத்து நிமிஷம் மட்டும் உன்னைப் பாத்துக்கற வேலை எனக்கு வரும். பேசக் கூடாது, தூக்கவும் தைரியம் இல்லை, கழுத்து நிக்காத பிள்ளை, என் கை முரட்டுக் கை. ஒரு நாள் நீ முழிச்சுக்கிட்டுச் சிணுங்க ஆரம்பிச்சே. எனக்கு என்ன பண்றதுன்னு புரியலை, கை தானா நெஞ்சுக்குப் போச்சு. மில்லுல நாங்க பேசிக்கிற சைகை அது. ரெண்டு விரலால நெஞ்சைத் தட்டிட்டு எதிர்ல இருக்கிறவனைப் பாத்தா, ஓடுதா, எல்லாம் சரியான்னு கேக்கறதா அர்த்தம். அவனும் அதே மாதிரி தட்டினா ஓடுதுன்னு பதில். சுண்டுவிரலைக் கொக்கி மாதிரி மடிச்சு உசத்திக் காட்டினா, நூல் அறுந்துடுச்சு, தனியா சமாளிக்க முடியலை, வான்னு அர்த்தம். அந்த விரலைக் காட்ட எங்கள்ல யாரும் வெக்கப்பட்டதில்லை. முதல்ல எவன் கண்ணுல படுதோ அவன் தன் தறியை நிறுத்திட்டு ஓடுவான், ரெண்டு பேரும் ஆறு மாசமாப் பேச்சுவார்த்தை இல்லாதவங்களா இருந்தாலும் ஓடுவான். நான் உனக்கு மேல குனிஞ்சு ரெண்டு விரலால என் நெஞ்சைத் தட்டினேன். நீ சிணுங்கறதை நிறுத்திட்டு என் கையையே பாத்தே. மறுபடியும் தட்டினேன், மறுபடியும் பாத்தே, உன் வாய் ஓரம் ஒரு பக்கமா இழுத்துச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டு நர்ஸம்மாகிட்ட என் பையன் என்னைப் பாத்துச் சிரிச்சான்னு ஆசை ஆசையாச் சொன்னேன். அவங்க, இந்த வயசுல சிரிப்பெல்லாம் வராதுங்க, அது வயித்துல காத்துன்னு சொல்லிட்டுக் கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. காத்துக்குப் போய் இந்த ஆட்டம் ஆடினோமேன்னு எனக்கு அவமானமாப் போச்சு. அதோட கையையும் நிறுத்திட்டேன். வாயும் போச்சு கையும் போச்சு, சைக்கிள் ஸ்டாண்டுதான் மிச்சம்.

ரெண்டு மாசத்துல ஸ்டாண்டை விட்டு வீட்டுக்கு வந்துட்டேன், ஆனா மூடின வாய் பழகிப்போச்சு. நீ தவழ்ந்தப்ப, எழுந்து நின்னப்ப எல்லாம் ஏதாவது சொல்ல வாய் வரும், குரல் உசந்துடுமோன்னு முழுங்கிடுவேன். உனக்கு மூணு வயசுல வாசல்ல நின்னுக்கிட்டு அதே நர்ஸம்மாகிட்ட, எங்கப்பாவுக்குப் பேச வராதுன்னு சொன்னே. தெருவே சிரிச்சுச்சு. சிரிக்காம என்ன பண்ணுவாங்க, நான் தெருமுனையில கூப்பிட்டா அடுத்த தெருவுல திரும்பிப் பாக்கறவங்க அவங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு உள்ள போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்பவாவது வெளிய வந்து உன்னை மடியில உக்கார வச்சுப் பேசியிருக்கலாம். பேசலை.

நமக்குன்னு இருந்தது மில்லோட ஜன்னல் ஒண்ணுதான். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்ப எனக்கு ஷிப்ட் மாறிடுச்சு, சாயங்காலம் நீ வீட்டுக்குத் திரும்பற நேரம் நான் தறியில இருப்பேன். வர்ற வழியில மில்லோட தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியை வெளியிலேருந்து பிடிச்சுக்கிட்டு நிப்பே. நான் நெஞ்சுல தட்டுவேன், நீயும் தட்டிட்டு ஓடிப் போயிடுவே. உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை, உள்ள நாங்க காட்டிக்கறதைப் பாத்தே பிடிச்சுக்கிட்டே. ஒரு நாள், ஆறாவது படிக்கறப்போ, நான் தட்டினேன், நீ பதிலுக்குத் தட்டாம சுண்டுவிரலைக் காட்டினே. தறியை நிறுத்திட்டு கேட்டுக்கு வெளிய ஓடி வந்தேன். வந்து என்ன பண்ணினேன்? உன் பக்கத்துல நின்னேன். என்னடா ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை, நீயும் சொல்லலை, கொஞ்ச நேரம் நின்னுட்டு நீ வீட்டுக்குப் போயிட்டே, நான் உள்ள போயிட்டேன். அன்னிக்கு உனக்கு என்ன ஆச்சுன்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. ஞாபகம் இருந்தா எழுது. அப்புறம் நீ வெளிநாடு கிளம்பின அன்னிக்கு ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னு ரெண்டு விரலால நெஞ்சைத் தட்டினே. நானும் தட்டினேன். பொய்யாத்தான் தட்டினேன்.

இன்னொரு பொய்யும் இருக்கு, எழுத ஆரம்பிச்சாச்சு, அதையும் சொல்லிடறேன். விமானத்துல ஏறினா மிச்சம் இருக்கிற காதும் போயிடும்னு டாக்டர் சொன்னார்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே, அவர் அப்படிச் சொல்லவே இல்லை, தாராளமாப் போய்ட்டு வாங்கன்னுதான் சொன்னார். உங்கம்மா பெட்டி கட்டினப்ப எனக்கு அந்த ஒன்பதாம் நாள் ஞாபகம் வந்துடுச்சு. காது கேக்காதவனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிசுன்னு தனக்கே தெரியாது. உன் மகளையும் அப்படித் தூக்கிப் போட வச்சுடுவேனோன்னு பயந்துக்கிட்டு இங்கயே நின்னுட்டேன். நிஜமாச் சொன்னா அந்தச் சைக்கிள் ஸ்டாண்டுலேருந்து நான் இன்னும் எழுந்திருக்கலை தம்பி. அங்க வேற யாரும் கிடையாது. முப்பத்தி மூணு வருஷமா நான் ஒருத்தன்தான் இருந்தேன், இப்போ நீயும் வந்து உக்காந்திருக்கே.

உனக்குப் புத்தி சொல்ல வரலை, என்கிட்ட இல்லாததை எங்கேருந்து எடுத்துக் கொடுக்க. ஆனா உன் கையில அவ அழுதா அழட்டும். உடனே கொண்டு போய் யார்கிட்டயும் நீட்டிடாதே. நீ அழுதா நான் ஒரு தடவை கூட வச்சுக்கிட்டதில்லை, அதனால அழுது முடிச்சப்பறம் நீ என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாமலே போச்சு. முப்பத்தெட்டு நாள் ஆளுக்கு உன்னைப் பிடிக்கலைன்னு நினைக்கறியே, அவளுக்குத் தன் கை தன்னுதுன்னே இன்னும் தெரியாதுடா. மருமககிட்ட உண்மையைச் சொல்லிடு, மீட்டிங் கீட்டிங்லாம் போதும். அவளும் நாள் பூரா அந்த ரூம்ல கதவைப் பாத்துக்கிட்டுத்தானே இருப்பா. தூக்கறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டி வை, கீறிடும். கழுத்து உன் முழங்கை மடிப்புல வரணும். இதெல்லாம் நான் தள்ளி நின்னு பாத்துக் கத்துக்கிட்டது, செஞ்சு கத்துக்கிட்டது இல்லை. அந்த நர்ஸம்மா ரிட்டையராகி இப்பவும் பக்கத்துலதான் இருக்காங்க, போன வாரம் போட்டோவைக் கொண்டு போய்க் காட்டினேன். காத்துன்னு சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன், உங்க பேத்தி நல்லா சிரிக்கறாளேன்னாங்க. எனக்கு வந்த கோவத்துல, அப்போ என் பையன் மட்டும் என்னங்க பாவம் பண்ணினான்னு கேட்டுட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியலை, காபி போட்டுக் கொடுத்தாங்க.

உங்கம்மா இருபதாம் தேதி கிளம்பிடுவா. அவ கண்ணாடியை உங்க பாத்ரூம்ல வச்சுட்டு வந்துடுவா, பெட்டியில இருக்கான்னு ஒரு தடவை பாத்து அனுப்பு. அவ கிளம்பிட்டா ஜன்னல்லேருந்து உன்னைப் பாக்க ஆள் இருக்காது, அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். மூஞ்சி தெரியற மாதிரி கூப்பிடறது எப்படின்னு போன் கடைக்காரர்கிட்ட ரெண்டு நாள் உக்காந்து கத்துக்கிட்டேன். போனைச் சர்க்கரை டப்பா மேல சாய்ச்சு வச்சா ரெண்டு கையும் சும்மா இருக்கும், வச்சுப் பாத்துட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தா உங்கம்மா எனக்கு மெசேஜ் அனுப்புவா, மறுநாள்லேருந்து தினமும் உனக்கு சாயங்காலம் ஆறே முக்கால் ஆனா நான் கூப்பிடுவேன், எனக்கு அது காலைக் காபி நேரம். நீ பேச வேண்டாம், நானும் பேசலை. உன் மகளை மடியில வச்சுக்கிட்டு எதிர்ல உக்காரு. அவ கத்தினாலும் பரவாயில்லை, எனக்கென்ன கேக்கவா போகுது. நான் நெஞ்சுல தட்டறேன், நீயும் தட்டு, ரெண்டு நிமிஷம் போதும். போனை எடுக்கலைன்னா நீ கீழ கார்ல இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுடும்.

நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேக்கற தூரத்துலயே இருந்து, நூறு வருஷம் நல்லா இருக்கணும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம், குட்டிக்கு நெத்தியில ஒரு முத்தம், அதை நீதான் கொடுக்கணும், உங்கம்மாகிட்ட தள்ளி விடாதே. ஆறே முக்காலை மறந்துடாதே. நூல் அறுந்திருந்தா கூச்சப்படாம சுண்டுவிரலைக் காட்டு, நான் விமானம் ஏறி வந்துடறேன், டாக்டர் போகலாம்னுதான் சொல்லியிருக்கார். போன்ல என்னைப் பாத்ததும் நீ அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னு இதையும் இப்பவே சொல்லிடறேன். முதல் நாள் நான் நெஞ்சுல தட்டப் போறதில்லை. சுண்டுவிரலைத்தான் காட்டப் போறேன்.

இப்படிக்கு,
பேச வரும் உன் அப்பா